பனிச்சறுக்குப் பலகையை எங்கே மறந்தீர்கள்?

ஒரு தடி ஊன்றினால் கிழவி. இரண்டு ஊன்றினால் விளையாட்டு வீராங்கனை! இந்த வேடிக்கை நடந்தது பின்லாந்தில்.

பனிச்சறுக்கு வீரர்கள் அங்கே கோடையில் பலகை இல்லாமல் கோல்களை மட்டும் ஊன்றி நடந்து பயிற்சி எடுப்பார்கள். 1966-ல் லீனா யாஸ்கெலைனன் என்ற ஆசிரியை அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1997-ல் எக்ஸெல் நிறுவனம் நடைக்கென்றே கோல் தயாரித்து விற்றது. 'நோர்டிக் வாக்கிங்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. (பாதி வியாபாரம் பெயரில்தானே!)

"பலகையை எங்கே மறந்துட்டீங்க?" என்று தெருவில் கிண்டலடித்தார்கள். விடாமல் நடந்தவர்களில் பெண்களே அதிகம், அதுவும் நடுவயதைத் தாண்டியவர்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலியும். உறைந்த பாதையில் ஒரு சறுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். கோல்கள் இரண்டும் தரையைத் தொட்டால் உடம்பைத் தாங்கும் இடம் அகலமாகிறது, தடுமாற்றம் குறைகிறது. கைத்தடிக்கு வெட்கப்பட்டவர்கள் இதற்கு வெட்கப்படவில்லை.