லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டார நிலையம். வடகிழக்குத் தடத்தில் 2003 ஜூன் 20 அன்றும், டவுன்டவுன் தடத்தில் 2015 டிசம்பர் 27 அன்றும் திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழும் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வருபவருக்கு அது பெரிய ஆறுதல். இங்கே பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஈஸி-லிங்க் அட்டையையோ வங்கி அட்டையையோ நுழைவாயிலில் தட்டினால் தடுப்பு விலகும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ரயில் நிலையத்தை விட்டு வெளியேறி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் ஒரே பயணமாகக் கணக்காகும். பேருந்திலிருந்து இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். இரு கையிலும் சந்தைப் பை கனக்க, பின்கதவு வழியே இறங்கும் அவசரத்தில் மறந்துபோவது இதுதான். மறந்தால், அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம்வரை கட்டணம் பிடிக்கப்படும்.