விலா எலும்பில் ஒரு பாட்டு

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய எக்ஸ்ரே படம் ஏதாவது கிடந்தால் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வரிசையாக விலா எலும்புகள். அதைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டுங்கள். நடுவில் சிகரெட் நெருப்பால் ஒரு ஓட்டை போடுங்கள். கிராமபோனில் வைத்து ஊசியை இறக்குங்கள்... எல்விஸ் பிரெஸ்லி பாடுவார்!

கதை விடவில்லை. (நடுவில் ஒரு வேலையை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.) 1940களின் கடைசியில் தொடங்கி 1960களின் ஆரம்பம் வரை, சோவியத் யூனியனின் பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள். கடையில் கிடைக்காத பாட்டு, ரேடியோவில் போடாத பாட்டு, கேட்டால் வம்பில் மாட்டிவிடும் பாட்டு. அந்த ரிக்கார்டுகளுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'எலும்பு'. சிலர் 'விலா' என்பார்கள். "உன்கிட்ட புது விலா ஏதாவது இருக்கா?" என்று ஒருவன் இன்னொருவனிடம் கேட்டால், அவன் கசாப்புக் கடையைப் பற்றிப் பேசவில்லை என்று அர்த்தம்.

பாட்டுக் கேட்பதில் என்ன வம்பு?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஸ்டாலினின் ஆட்கள் கலைஞர்கள் மீது பாய்ந்தார்கள். 1948-ல் ஷோஸ்டகோவிச், புரகோஃபியேவ் போன்ற உலகப் புகழ் பெற்ற இசை மேதைகளையே 'மக்களுக்குப் புரியாத இசை எழுதுகிறார்கள்' என்று கட்சி பகிரங்கமாகக் கண்டித்தது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால் அமெரிக்க ஜாஸுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? ரிக்கார்டு தயாரிப்பது அரசாங்கம் மட்டும்தான். அது எதைப் போடுகிறதோ அதைத்தான் ஜனங்கள் கேட்க வேண்டும்.

தடை மேல்நாட்டுச் சரக்குக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ருஷ்ய மொழியிலேயே உருக உருகப் பாடிய பியோத்தர் லெஷென்கோ, புரட்சிக்குப் பிறகு ருமேனியாவில் தங்கிவிட்டவர். அது போதாதா? அவர் பாட்டும் கூடாது. (1951-ல் ருமேனியாவிலேயே அவரைக் கைது செய்தார்கள். 1954-ல் சிறை மருத்துவமனையில் இறந்தார்.) உள்நாட்டில் பெரும் புகழோடு இருந்த வாதிம் கோஸின் சிறைக்குப் போனார். அவருடைய ரிக்கார்டுகளும் கடைகளிலிருந்து காணாமல் போயின. உண்மையைச் சொன்னால் ஆரம்ப கால எலும்புகளில் அதிகம் ஒலித்தது ராக் இல்லை. இவர்களைப் போன்றவர்களின் சோகப் பாட்டுகள்தான். ஜாஸ் கூடவே வந்தது. ராக் அண்ட் ரோல் பிறந்த பிறகு அதுவும் வந்து ஒட்டிக்கொண்டது.

இனி, அந்த விட்டுப்போன வேலை.

லெனின்கிராடின் முக்கியமான கடைவீதி நெவ்ஸ்கி. 1946-ல் அங்கே ஸ்தானிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கடை திறந்தார். அவரிடம் ஜெர்மனியிலிருந்து வந்த 'டெலிஃபுங்கன்' ரிக்கார்டு வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. 'அம்மா, நான் சௌக்கியம்' என்று நீங்கள் மைக்கில் பேசினால் அதை ஒரு தட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஊருக்கு அனுப்பலாம். பேசும் கடிதம்! சட்டப்படி எல்லாம் சரியாக இருந்த வியாபாரம். கதவைச் சாத்தியதும்தான் அசல் வியாபாரம் ஆரம்பிக்கும். ஒரு பக்கம் வெளிநாட்டு ரிக்கார்டு சுற்றும். இன்னொரு பக்கம் மெஷினின் வெட்டும் ஊசி, அதே பாட்டைப் புதிய தட்டில் கீறிக்கொண்டே போகும்.

தட்டுக்கு எங்கே போவது? அங்கேதான் எக்ஸ்ரே வந்தது. ஊசி கீறுகிற அளவுக்கு மெத்து, கீறின தடம் அழியாத அளவுக்குக் கெட்டி. எல்லாவற்றையும் விட முக்கியம், சும்மா கிடைத்தது. பழைய எக்ஸ்ரே படங்கள் தீப்பிடிக்கும் என்பதால் ஆஸ்பத்திரிகள் அவற்றைக் குவித்து வைக்காமல் கழித்துவிட வேண்டும். குப்பையில் போடுவதை யாராவது வாங்கிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி ஊழியருக்குக் கசக்குமா?

ஃபிலோனின் கடைக்கு அடிக்கடி வந்து போன ஒரு இளைஞர் ரூஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி. வாடிக்கையாளர் போல நின்று அந்த மெஷினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகளை மனதில் வாங்கி, வீட்டுக்குப் போய்ப் படம் வரைந்து, தெரிந்தவர்களைப் பிடித்துப் பாகங்களைக் கடைந்து வாங்கி, சொந்தமாக ஒரு மெஷினைக் கட்டிவிட்டார். காப்பியடிக்கும் மெஷினையே காப்பியடித்த ஆள்! போரீஸ் தைகின் போன்ற நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனியும் ஆரம்பித்தார். பெயர், 'தங்க நாய்'. கிராமபோன் குழலுக்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' முத்திரை உங்களுக்கு ஞாபகம் இருக்குமே... அந்த நாய்தான்.

இதில் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். மறுக்க முடியாது. ஆனால் காசு மட்டும்தான் நோக்கம் என்றால் இதைப் போல மடத்தனமான தொழில் கிடையாது. மூன்று நிமிஷப் பாட்டை ஒரு தட்டில் வெட்ட முழுசாக மூன்று நிமிஷம் ஆகும். நூறு தட்டு வேண்டுமா? நூறு தடவை அதே பாட்டு, ஐந்து மணி நேரம். அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழாமல். முடித்த பிறகு கிடைக்கும் சரக்காவது உசத்தியா? ஒரு பக்கம் மட்டும்தான் பாடும். பாட்டுக்கு முன்னால் மணலைக் கொட்டுகிற மாதிரி 'கரகர' சத்தம் வரும். பத்துப் பதினைந்து தடவை போட்டால் தேய்ந்துவிடும். வாங்கியவன் கோட்டுக் கைக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பாட்டுத் தட்டை மேலே வைத்து நிமிர்த்தி எடுத்தால்தான் ஓடவே ஓடும்.

ஏமாற்றுப் பேர்வழிகளும் உண்டு. ருஷ்ய ராக் இசையின் சரித்திரத்தை எழுதிய அர்த்தேமி த்ரோயித்ஸ்கி ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். ஆசையோடு வாங்கிவந்த எலும்பைப் போட்டால் முதலில் சில விநாடிகள் அமெரிக்க இசை வருமாம். அப்புறம் அது நின்று, ஒரு ருஷ்யக் குரல் 'புதுப் பாட்டுக் கேட்க வந்துட்டியா?' என்கிற தோரணையில் ஆரம்பித்துக் காது கூசுகிற வசவுகளாகப் பொழியும். போலீசில் போய்ப் புகார் கொடுக்கவா முடியும், பாவம்!

1950 நவம்பரில் போலீஸ் வளைத்தது. ஃபிலோன், பகஸ்லோவ்ஸ்கி, தைகின் எல்லோரும் மாட்டினார்கள். பகஸ்லோவ்ஸ்கிக்கு மூன்று வருஷம். தைகினுக்கு ஐந்து. அவர் கவிதையும் எழுதுபவர், பாட்டையும் தானே எழுதிப் பாடிப் பதிந்திருந்தார் என்பதால் கூடுதல் தண்டனை. 1953-ல் ஸ்டாலின் இறந்ததும் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். சாதாரண மனிதனாக இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டுவிட்டு ஏதாவது ஒரு தொழிற்சாலை வேலையில் ஒதுங்கியிருப்பான். பகஸ்லோவ்ஸ்கி திரும்பவும் மெஷினைக் கட்டினார். திரும்பவும் பிடித்தார்கள். வெளியே வந்தார், மறுபடியும்... மொத்தம் மூன்று தடவை ஜெயில். துப்பாக்கி கடத்தியதற்காக அல்ல, பாட்டைப் பிரதி எடுத்ததற்காக!

எலும்பு ரிக்கார்டுகளைக் கடைசியில் ஒழித்தது போலீஸ் இல்லை. 1960களில் டேப் ரிக்கார்டர் சோவியத் வீடுகளுக்குள் நுழைந்தது. அதுவும் அரசாங்கமே தயாரித்து விற்றது! இனிமேல் எதற்கு எக்ஸ்ரே, எதற்குக் கத்தரிக்கோல்? சரியாக அந்த நேரம் பார்த்து பீட்டில்ஸ் வந்தார்கள்.

பீட்டில்ஸ் சோவியத் யூனியனில் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. 1967-ல் அவர்களுடைய 'கேர்ள்' பாட்டை ஒரு கதம்ப ரிக்கார்டில் சேர்த்து வெளியிட்டது அரசு நிறுவனமான 'மெலோதியா'. லெனன், மெக்கார்ட்னி என்ற பெயர்களே அதில் இல்லை. 'இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தார்கள்! ஆனால் ரசிகர்களிடம் பருப்பு வேகுமா? லெனின்கிராடில் கோல்யா வாசின் என்று ஒரு மனிதர். சின்ன வயதில் எலும்பு ரிக்கார்டு கேட்டு வளர்ந்தவர். 1970-ல் ஜான் லெனனின் முப்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அடித்துவிட்டார். லெனன் கையெழுத்துப் போட்ட ஒரு ரிக்கார்டு பார்சலில் வந்து சேர்ந்தது! வாசின் 2018-ல் இறக்கும் வரை லெனனுக்கு ஒரு கோயில் கட்டியே தீருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க பீட்டில்ஸ்தான்.

எழுபதுகளில் டீப் பர்ப்பிள், லெட் ஸெப்ளின், பிங்க் ஃப்ளாய்ட் எல்லோரும் வந்தாயிற்று. கள்ளச் சந்தையில் ஒரு அசல் இசைத்தட்டு வாங்க மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். ஒருவன் வாங்குவான். அவன் வீட்டுச் சமையலறையில் பத்துப் பேர் கூடிப் பதிந்துகொள்வார்கள். எந்த ஆல்பம் உசத்தி, எந்த கிடாரிஸ்ட் பெரியவன் என்று விடிய விடிய டீயைக் குடித்துக்கொண்டு சண்டை நடக்கும். (அந்தக் கால லெனின்கிராடில் வளர்ந்த ஒரு டீப் பர்ப்பிள் ரசிகர், பிற்பாடு 2011-ல் அந்தக் குழுவினரையே மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார். அப்போது அவர் ருஷ்யாவின் ஜனாதிபதி, திமித்ரி மெத்வதேவ்.)

1985 ஜனவரியில் நடந்ததுதான் உச்சம். உக்ரேனில் உள்ள நிக்கலாயேவ் நகரத்தின் கட்சி இளைஞர் அமைப்பு, டிஸ்கோக்களில் போடக் கூடாத வெளிநாட்டுக் குழுக்கள், பாடகர்கள் என்று 38 பெயர்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே குற்றத்தையும் எழுதியது. பிளாக் சாபத் என்றால் வன்முறை, மதமூடத்தனம். டோனா சம்மர் என்றால் ஆபாசம். காதல் பாட்டாகப் பாடித் தள்ளிய ஹூலியோ இக்லேசியாஸுக்கு என்ன குற்றம் தெரியுமா? நவீன பாசிஸம்! பிங்க் ஃப்ளாய்டுக்குச் 'சோவியத் வெளியுறவுக் கொள்கையைத் திரித்தல்'. இந்த ஒன்றில் மட்டும் அதிகாரிகள் பாட்டைக் கொஞ்சம் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 1983-ல் வந்த அந்தக் குழுவின் ஆல்பத்தில், பிரெஷ்னேவ் ஆப்கானிஸ்தானைப் பிடித்தது பற்றி ஒரு வரி வருகிறது.

எதைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

அப்புறம் கோர்பசேவ் வந்தார், கதவுகள் திறந்தன. 1988 அக்டோபரில் பால் மெக்கார்ட்னி ஒரு காரியம் செய்தார். தன் சின்ன வயதில் கேட்டு மயங்கிய பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம் தயாரித்து, அதைச் சோவியத் யூனியனில் மட்டும் வெளியிட்டார். மெலோதியா நிறுவனம்தான் போட்டது. இங்கிலாந்துக் கடைகளில் கிடையாது, அமெரிக்காவில் கிடையாது. லண்டன் ரசிகர்கள் தவித்துப் போனார்கள். யாராவது மாஸ்கோ போகிறார்களா என்று விசாரித்தார்கள். பெட்டியில் வந்து இறங்கிய தட்டுகளைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கினார்கள். ருஷ்யாவிலிருந்து லண்டனுக்கு ராக் இசை கடத்தல்!

1991 செப்டம்பரில்தான் அந்த ஆல்பம் மேல்நாட்டுக் கடைகளுக்கு முறைப்படி வந்தது. அதன் ருஷ்யத் தலைப்புக்கு 'மீண்டும் சோவியத் யூனியனில்' என்று அர்த்தம். அடுத்த மூன்று மாதத்தில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை.