ரோமிங்
ஆங்கிலத்தில் ‘ரோம்’ என்றால் மனம்போன போக்கில் திரிவது. ரோமாபுரிக்கு யாத்திரை போனவர்களால் பிறந்த சொல் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. தமிழில் ‘அலைதல்’ கனகச்சிதம். திரிவதும் அலை, கடலில் எழுவதும் அலை, கைபேசிக்கு வருவதும் அலை!

இங்கே அலைவது சிம் அட்டை. அயல்நாட்டு நெட்வொர்க் அதைக் கண்டதும், ‘உங்கள் வீட்டுப் பிள்ளைதானா?’ என்று சொந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டே உள்ளே விடுகிறது. அந்த விருந்துக்குத்தான் பில். தனுஷ்கோடி மணலில் நிற்கும்போதே சிலருக்கு ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும். காலைக்கூட நனைத்திருக்க மாட்டார்கள். அங்கே நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் நாமே தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்து சிம்முக்கு ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல், நியாயமான பயன்பாட்டு அளவுவரை, ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லை. நம்மூர் சிம்முக்கு அந்தச் சலுகை கிடையாது. விமானம் ஏறுமுன் ‘டேட்டா ரோமிங்’கை அணைத்துவிட்டு, இறங்கிய ஊரில் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம், பழையது வங்கி ஓடிபிக்கு மட்டும் இருக்கட்டும்.