செஞ்சிக் கோட்டையின் இரு பள்ளிவாசல்கள்



பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அவ்வழைப்பைக் கேட்டதும் நம்மில் பலருக்கு எகிப்தும் ஜோர்டானும் ஸ்பெயினும் நினைவுக்கு வருகின்றன. வசதி படைத்தோர் உம்ராவுடன் சேர்த்துத் துருக்கியையும் பார்த்து வருகின்றனர். நல்லதே. ஆனால் திருவண்ணாமலையில் வாழும் நமக்கு, திண்டிவனம் சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், எத்தனையோ ஆட்சிகள் எழுந்து விழுந்த செஞ்சி இருக்கிறது. பேருந்தின் சன்னல் வழியே அதன் மதில்களைப் பார்த்தவாறே சென்னைக்குப் போய் வருகிறோம். இறங்கிப் பார்த்தோர் குறைவு. பார்த்தோரிலும், அங்குள்ள இரண்டு பள்ளிவாசல்கள் சொல்லும் செய்தியை அறிந்தோர் அதனினும் குறைவு.

முதலில் கோட்டையின் அமைப்பை அறிவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை முக்கோணமாக இணைத்து எழுப்பப்பட்ட நெடிய மதிலே செஞ்சிக் கோட்டை. அதன் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். திருவண்ணாமலையிலிருந்து செல்லும் சாலை குன்றுகளின் இடையே புகுந்துதான் செஞ்சி ஊரை அடைகிறது. மூன்றில் உயர்ந்தது ராஜகிரி. அதன் அடிவாரத்தில் பல நிலைகளோடு கூம்பி எழும் கல்யாண மகாலையும், வளைந்த கூரையுடைய பெரிய தானியக் களஞ்சியங்களையும், உடற்பயிற்சிக் கூடத்தையும், ஆனைக்குளத்தையும் காணலாம். படியேறி உச்சியை நெருங்கும்போது ஒரு பெரும் பிளவு குறுக்கிடும். அதன்மேல் இடப்பட்ட பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழியில்லை. ஒரு சிறு படை பெரும்படையைத் தடுத்து நிறுத்த அந்த ஒரே இடம் போதும். எதிரே உள்ள கிருஷ்ணகிரியின் மேல் குவிமாடத்தோடு கூடிய ஒரு மண்டபமும் கோயில்களும் அருகருகே இருக்கின்றன. கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில் உள்ளது. ஒரே மதிலுக்குள் இத்தனை கட்டடக் கலைகள் ஏன் சேர்ந்தன என்று வினவினால், அங்கிருந்து வரலாறு தொடங்குகிறது.

கோனார் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக்கோன் இக்கோட்டைக்கு அடித்தளம் இட்டார் என்பது மரபு. பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் இதை ஆண்டனர். கோட்டை விரிவடைந்தது பெரும்பாலும் அவர்கள் காலத்தில்தான். 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிஜப்பூர் சுல்தான்களின் படை இதைக் கைப்பற்றி, பாதுஷாபாத் என்று பெயரிட்டது. 1677-இல் சிவாஜி இதைத் தம் வசமாக்கினார். அவருடைய மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி வந்து, இதையே தம் ஆட்சியின் தலைமையிடமாகக் கொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை வீழ்ந்ததோ 1698-இல். முகலாயர் அதற்கு நுஸ்ரத்கட் என்று மறுபெயர் சூட்டினர். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் இதைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1780-இல் ஹைதர் அலியின் படை உள்ளே நுழைந்தது. அதன்பின் கோட்டை மெல்ல மெல்லத் தன் போர்ப் பயனை இழந்து, காடு மண்டிக் கிடந்தது. பெயர் சூட்டியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஊர் செஞ்சியாகவே இருக்கிறது.

இவ்வரலாற்றில் நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டிய ஆண்டு 1714.

செஞ்சியை வென்ற முகலாய அரசு, அதன் கோட்டைத் தலைமையைப் புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் ஒப்படைத்தது. அதாவது, நாம் பாடப்புத்தகத்தில் 'இந்து மன்னர்' என்று படிக்கும் தேசிங்கின் தந்தை, முகலாயப் பேரரசின் அலுவலராகவே செஞ்சிக்கு வந்தவர். 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் அப்பொறுப்பை ஏற்றார். தமிழ் மக்கள் நாவில் அவரே தேசிங்கு ராஜன் ஆனார். அப்போது கர்நாடக நவாபாக ஆற்காட்டில் இருந்தவர் சஆதத்துல்லா கான். கோட்டைத் தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாகச் சேரும் சொத்தன்று, நிலுவையில் உள்ள வரியும் செலுத்தப்பட வேண்டும் என்பது நவாபின் நிலை. பேரரசர் தம் தந்தைக்கு வழங்கிய ஆணையே போதும் என்பது இளைஞரின் நிலை. வரியும் பதவியும் பற்றிய இந்த வழக்கு அக்டோபர் மாதத்தில் போராக வெடித்தது. தேசிங்கு களத்தில் வீழ்ந்தார். அவருடைய இளம் மனைவி அவருடைய சிதையிலேயே உயிர் துறந்தார். அப்பெண்ணின் நினைவாக நவாப் அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அக்களத்தில் தேசிங்கின் பக்கம் நின்று போரிட்டு மடிந்த நெருங்கிய தோழர் ஒரு முஸ்லிம். வரலாறு அவரை மகபத் கான் என்கிறது. நாட்டுப்புறக் கதைப்பாடல் மோவுத்துக்காரன் என்கிறது. தம் திருமண ஏற்பாடுகளுக்கு நடுவே செய்தி கேட்டு, மணக்கோலத்தை விட்டுவிட்டுத் தோழனுக்காகக் குதிரை ஏறினார் என்று அக்கதை கூறும். கதைப்பாடலில் புனைவு கலந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எந்த நட்பைப் பாடிப் போற்றின என்பதற்கு அது சான்று. ராஜபுத்திரருக்காக உயிர் கொடுத்த ஒரு முஸ்லிமைத் தமிழ் உழவர்கள் தங்கள் வீரராகவே ஏற்றுக்கொண்டனர்.

மறுபக்கத்தையும் பாருங்கள். வென்ற நவாபின் வரலாற்றைப் பாரசீக மொழியில் 'சயீத் நாமா' என்னும் நூலாக எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்னும் இந்து. அதற்கு முந்தைய நீண்ட முற்றுகையிலும் சுல்பிகார் கானின் படையில் தல்பத் ராவ் புந்தேலா, ராம்சிங் ஹாடா போன்ற ராஜபுத்திரத் தலைவர்கள் போரிட்டனர். அணிகள் மார்க்கத்தின்படி பிரிந்திருக்கவில்லை. விசுவாசமும் ஊதியமும் நட்பும் அதிகாரமும் அவற்றைப் பிரித்தன.

இனி அந்த இரண்டு பள்ளிவாசல்களுக்கு வருவோம். ஒன்று, ராஜகிரி அடிவாரத்தில் உள்ள சஆதத்துல்லா கான் பள்ளிவாசல். 1717-18-இல் கட்டப்பட்டது, அதில் பாரசீகக் கல்வெட்டு உண்டு. இது வென்றவரின் பெயர் தாங்கியது. மற்றொன்று, மகபத் கானின் பெயரால் வழங்கும் பள்ளிவாசல். இது தோற்ற அணியில் மடிந்த தோழரின் பெயர் தாங்கியது. ஒரே போரில் எதிரெதிரே நின்ற இரு முஸ்லிம்களின் பெயர்கள், ஒரே கோட்டைக்குள், ஒரே கிப்லாவை நோக்கிய இரு இறையில்லங்களுக்கு அமைந்துவிட்டன.

இது ஏன் இன்று நமக்கு முக்கியம்? கைப்பேசியில் நாள்தோறும் வரலாறு என்ற பெயரில் எத்தனையோ செய்திகள் வருகின்றன. ஒரு சாரார் செஞ்சியைக் காட்டி, முஸ்லிம்கள் இந்நாட்டை அழிக்க வந்த அந்நியர் என்கின்றனர். அதைப் படித்து மனம் புண்படும் நம் இளைஞர் சிலர், நவாபின் வெற்றி இஸ்லாத்தின் வெற்றி என்று மறுமொழி எழுதுகின்றனர். இரண்டும் உண்மையன்று. வரிக்காக நடந்த போரை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவது நவாபுக்கும் நீதியாகாது, தேசிங்குக்கும் நீதியாகாது, மார்க்கத்துக்கோ சற்றும் நீதியாகாது. நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியின் பக்கம் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது நம் மறை நமக்கு இட்ட கட்டளை. அக்கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. வரலாறு பேசும் நாவுக்கும், செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் விரலுக்கும் உரியது. 'நாம் யாருடைய பக்கம்?' என்று பிள்ளை கேட்டால், இரண்டு பள்ளிவாசல்களையும் காட்டுவோம். வாக்கைக் காத்தவரின் பக்கமும், நீதி செய்தவரின் பக்கமும் நாம். அவர் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் சரி என்போம்.

பழைய இடங்களைக் காப்பதும் இதே பொறுப்பின் ஒரு பகுதி. ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகரின் நடுவே ஒரு குன்றுக்கோட்டை இருந்தது. 1809-இல் நெப்போலியனிடம் தோற்றபின், உடன்படிக்கையின்படி அக்கோட்டையை இடிக்க வேண்டியதாயிற்று. நகர மக்கள் பணம் திரட்டிக் கொடுத்து, அங்கிருந்த கடிகாரக் கோபுரத்தையும் மணிக்கோபுரத்தையும் இடிக்காமல் மீட்டனர். இன்று அந்நகருக்கு வருவோர் முதலில் ஏறிப் பார்ப்பது அக்குன்றைத்தான். செஞ்சிக்கு அவ்வாறு ஈடு கொடுத்து மீட்போர் அன்று இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டு சென்றவை என்பர். 1921-இல்தான் கோட்டை பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாயிற்று. 2025 ஜூலையில், மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் என்னும் தொகுப்பில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுப்பின் 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இனி உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருவர். பட்டியலில் மராட்டியரின் பெயர் இருப்பினும், கோனாரும் நாயக்கரும் சுல்தானும் முகலாயரும் நவாபும் அங்கே கல்லில் இருக்கின்றனர். வருவோருக்கு அதை எடுத்துச் சொல்ல, அருகில் வாழும் நாம் முதலில் அறிந்திருக்க வேண்டாமா?

குடும்பத்தோடு செல்வோருக்குச் சில சொற்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே மலை ஏறத் தொடங்குங்கள். குடிநீரை மறவாதீர்கள். குரங்குகள் மிகுதி, உணவுப் பையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். முதியோர் ராஜகிரி உச்சியை விட்டுவிட்டு அடிவாரத்தைப் பார்த்தாலே அரை நாள் இனிதே கழியும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி 40 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. தொழுகையைச் சுருக்குவதற்குப் பெரும்பான்மை அறிஞர்கள் கூறும் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆகவே லுஹரையும் அஸரையும் அதனதன் நேரத்தில் முழுமையாகத் தொழ வேண்டும். அதற்கேற்ப நேரத்தைத் திட்டமிடுங்கள். கோட்டைக்குள் உள்ளவை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அதன் விதிகளை மதிப்போம். சுவரில் பெயர் கீறுவதும் குப்பை போடுவதும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். அது பள்ளிவாசலின் சுவராயினும் கோயிலின் சுவராயினும் களஞ்சியத்தின் சுவராயினும் ஒன்றே. வேங்கடரமணர் கோயிலுக்கு வருவோர் பலர் இருப்பர். அவர்களுக்கு இடையூறின்றி நடப்பது நம் நற்பண்பு.

ஆளத் தொடங்கியோர் அனைவரும் அக்குன்றுகளை விட்டு இறங்கிப் போய்விட்டனர். அவர்கள் கட்டியவற்றுள் நமக்குப் பாடமாக நிற்பவற்றைப் பிள்ளைகளின் கைபிடித்துக் காட்டுவோம். வல்ல அல்லாஹ் நம் நாவை உண்மையின்மீதும், நம் உள்ளத்தை நீதியின்மீதும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.