ஒல்லாந்தர் நகரில் ஒரு வீடு

இலக்கிய வட்டத்தின் மலரில் வீடு வாங்கும் கதை எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறு ஊரார் அப்படிக் கேட்கலாம், காரைக்காலார் கேட்கலாகாது. ஏனெனில் நம் ஊரே விலை பேசி வாங்கப்பட்ட ஊர்.

1738ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜியிடம் புதுச்சேரி ஆளுநர் துய்மா பேரம் பேசினார். காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, சில சிற்றூர்கள். விலை நாற்பதினாயிரம் சக்கரம். அரசர் பின்வாங்கினார். நாகையிலிருந்த ஒல்லாந்தர் இவ்விற்பனையைத் தடுக்க முயன்றனர். இறுதியில் சந்தாசாகிபின் படையுதவியால் 1739 பிப்ரவரி 14ஆம் நாள் ஊர் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. அதன்பின்னும் அரசர் கூடுதல் கடன் கேட்டார். ஊர்கள் சில சேர்ந்தன. ஆண்டுக் குத்தகை குறைந்தது. 1750இல் பிரதாபசிங்கர் எண்பத்தோரு ஊர்களை அளித்துக் குத்தகையையும் விட்டுக்கொடுத்ததோடு கணக்கு ஒருவாறு முடிந்தது. மனை வாங்கும் எவருக்கும் இந்த நடை பழக்கமானதுதான்: முன்பணம், இழுபறி, எல்லைத் தகராறு, கடைசியில் கிரயம்.

நமக்கு வடக்கே தரங்கம்பாடி. 1620இல் இரகுநாத நாயக்கர் பொன்னோலை எழுதித் தினேமாரிடம் கொடுத்தார்; அவர்கள் 1845இல் அதனையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினர். தெற்கே நாகப்பட்டினம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதனைப் பிடித்த ஒல்லாந்தர்க்குத் தஞ்சை விசயராகவ நாயக்கரும், 1676இல் ஏகோஜியும் வெள்ளித் தகட்டில் சாசனம் பொறித்துக் கொடுத்தனர். அத்தகடுகள் பத்தாவிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். வடக்கே பொன், தெற்கே வெள்ளி, நடுவே நமக்கு ரொக்கம்.

இவ்வேடுகளில் எதிலும் வீட்டுக்காரனின் ஒப்பம் இல்லை. ஊர் கைமாறிய நாளில் திண்ணையில் அமர்ந்திருந்தவனை யாரும் கேட்கவில்லை. வாங்கியோரும் விற்றோரும் ஊரைத்தான் கண்டனர். வீடு அவர்கள் கண்ணில் படவில்லை. வீடு வாங்குதல் என்பது வேறு வரலாறு. அதனைத் தேடித்தான் இக்கட்டுரை ஒல்லாந்தர் நகரங்களுக்குப் போகிறது.

முதலில் அண்டை ஊராகிய நாகை. 1690இல் ஒல்லாந்தர் தம் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினர். கோட்டை எழுந்தது, நாணயச் சாலை நடந்தது, ஊரின் பெயரைத் தமிழ் எழுத்தில் பொறித்த செப்புக்காசும் வந்தது. 1781 நவம்பரில் ஆங்கிலப் படை நகரைப் பிடித்தது. 1784ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை ஆங்கிலேயர்க்கே உறுதியாக்கிற்று. இன்று கோட்டை இல்லை. 1774இல் கட்டிய தேவாலயம் ஒன்றும் காரிக்கோப்புக் கல்லறைகளும் உள்ளன. தெருத்தெருவாக ஒல்லாந்தர் வாழ்ந்த நகரைத் தேடினால் கிடைப்பது சொற்கள்தாம். கையிலுள்ள 'துட்டு' அவர்களுடைய காசு. நம் வீட்டுக் கொல்லையில் இருந்த 'கக்கூசு'ம் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே என்பர். ஒரு பேரரசு நூற்றிருபது ஆண்டுக் காலம் ஆண்டு நம் வீட்டுக்குள் விட்டுச் சென்றவை இவை என்பதைக் கவிஞர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அறியேன்.

முழு உருவில் ஒல்லாந்தர் நகரைக் காணவேண்டுமானால் கடல் கடந்து இலங்கையின் தென்முனைக்கு, காலிக்குப் போகவேண்டும். அவ்வூர் தமிழர்க்கு அயலூரன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங்கே 1409இல் எழுதுவித்த கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. சீனமும் பாரசீகமும் தமிழும் பொறித்த அக்கல்லின் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. கண்டெடுத்தபோது அது வாய்க்கால் மூடும் பலகைக்கல்லாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைச் சுற்றிக் கொத்தளங்களோடு மதில் எழுப்பினர். பழைய வாயிலின் உட்புறத்தில் கும்பனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் இன்றும் தெளிவாக உள்ளன. உள்ளே நேர்க்கோட்டுத் தெருக்கள், அடியில் கடல்நீரால் கழுவப்படும் செங்கல் சாக்கடை, 1755இன் பெருந்தேவாலயம். வீடுகள் தெருவை ஒட்டியவை. முன்புறம் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பருத்த சுவர், மேலே ஓடு, நீண்ட அறைகளைக் கடந்தால் பின்னே முற்றம். இந்த அமைப்பில் ஒல்லாந்தம் எவ்வளவு, வெயிலும் மழையும் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நம் மரைக்காயர் வீட்டின் திண்ணையும் முற்றமும் அறிந்தவன் அங்கே வழி தவறமாட்டான்.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் பலர் அங்கேயே தங்கினர். நீராவிக் கப்பல்கள் காலியில் நின்ற காலம் வரை ஊருக்குச் செழிப்பு. 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த கொழும்பு அலைதாங்கிச் சுவர் அச்செழிப்பைக் கொண்டுபோயிற்று. துறைமுகத்தை இழந்த நகரில் வீட்டின் விலை என்னவாகும்? பறங்கிக் குடும்பங்கள் கொழும்புக்கும், விடுதலைக்குப்பின் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர, அவ்வீடுகளைக் காலிச் சோனக வணிகர்களும் சிங்களக் குடும்பங்களும் வாங்கினர். ஒல்லாந்தன் கட்டிய கூடத்தில் தமிழ் பேசிய தாய்மார் தாலாட்டினர். கோட்டைக்குள் பள்ளிவாசல் எழுந்தது.

காலிக் கோட்டை காப்பாற்றப்பட்டதைப் பேசும் நூல்கள் தொல்பொருள் துறையையும் யுனெஸ்கோவையும் புகழ்கின்றன. 1988இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் மரபுரிமைக்கெனத் தனிச் சட்டம் வந்தது. பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியில் ஐம்பதையொட்டிய தனியார் வீடுகள் செப்பனிடப்பட்டன. எல்லாம் மெய். ஆனால் அதற்கு முந்திய நூறாண்டுகள் அந்த ஓட்டை மாற்றியவர் யார்? மழைக்குமுன் சுண்ணாம்பு அடித்தவர் யார்? நாகையில் எஞ்சாத ஒல்லாந்தர் தெரு காலியில் எஞ்சியதற்கு, அங்கே அவ்வீடுகளை வாங்கிக் குடியிருக்க ஆள் இருந்தமை முதற்காரணம் என்பது என் துணிபு. மதிலும் துணை செய்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த பேரலை காலி நகரின் வெளிப்பகுதியைச் சிதைத்தபோது கோட்டைக்குள் பெருஞ்சேதம் இல்லை. அதே காலையில் மதில் இல்லாத நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் கடற்கரைக் குப்பங்கள் பட்டதை இங்கே எழுதவேண்டியதில்லை. படிப்போர் வீடுகளிலேயே அந்த நினைவு உண்டு.

இனி விற்பனைக்கு வருவோம். வெளிநாட்டார் இலங்கையில் நிலம் வாங்கினால் விலைக்குச் சமமான தொகையை வரியாகவும் கட்டவேண்டும் என்னும் விதி 1963 முதல் இருந்தது. 2002இல் அது நீக்கப்பட்டது. 2004இல் திரும்ப வந்தது. நடுவில் திறந்திருந்தது இரண்டே ஆண்டு. அந்த இடைவெளியிலும் அதன் இருமருங்கிலும் கோட்டை வீடுகள் பல ஐரோப்பியர் கைக்குப் போயின. 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம் வெளிநாட்டார்க்கு நிலம் விற்பதையே, சில விலக்குகளோடு, தடுத்தது. நீண்ட குத்தகை மட்டும் நின்றது. அதற்குள் தெருவின் முகம் மாறிவிட்டது. ஒல்லாந்தத் தளபதிகளின் மாளிகையாயிருந்து 1865இல் விடுதியான கட்டடம் பெருஞ்செல்வர்க்கான விடுதியாயிற்று. வாழ்ந்த வீடுகள் சிற்றுண்டிச்சாலைகளாகவும் மணிக்கடைகளாகவும் ஆயின. 2007 முதல் ஆங்கில இலக்கிய விழாவும் அங்கே நடந்தது. அதற்குப் போய்வந்த எழுத்தாளர்கள் அழகிய சுவர்களைப் பாடினர்.

விற்றவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டின் விலையில் கோட்டைக்கு வெளியே மூன்று மக்களுக்கு மூன்று வீடு கட்டலாம் என்றால் எந்தத் தந்தை மறுப்பான்? மரபுரிமை விதியின்படி ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி கேட்கவேண்டிய வீட்டில் எளிய குடும்பம் எத்தனை நாள் இருக்கும்? வாங்கியவரும் சுவரைக் கெடுக்கவில்லை. முன்னையோரைவிட நன்றாகவே காக்கிறார். ஆயினும் மாலையில் தாழ்வாரத்தில் அமர்ந்து எதிர்வீட்டோடு பேச ஆளில்லாத தெருவை நகரம் என்று சொல்ல நாக்கு தயங்குகிறது.

இங்கேதான் ஒல்லாந்தரே எழுதிவைத்த வேறொரு சட்டம் நினைவுக்கு வருகிறது. அது காலிக்குரியதன்று, யாழ்ப்பாணத்துக்குரியது. ஆளுநர் சைமன்சு கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஈசாக்சு அந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி 1707இல் அளித்தார். தமிழில் பெயர்த்துப் பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பினர். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர்.

நிலம் விற்க நினைப்பவன் முதலில் உரிமைப்பங்காளிக்கும் வாரிசுக்கும் ஒற்றி பிடித்திருக்கும் அயலானுக்கும் தெரிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டுப் பழவழக்கம். அவர்கள் அதே விலைக்கு வாங்க முன்வந்தால் வெளியாருக்கு விற்கலாகாது. ஒல்லாந்தர் இதற்கு ஒரு முறை வகுத்தனர்: விற்கும் எண்ணத்தை அவரவர் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அறிவிக்கவேண்டும். கோயிலுக்குப் போகும் சைவனும் தன் காணி விற்பனையைக் கிறித்தவத் தேவாலயத்தில் கூவச்செய்ய நேர்ந்தது அக்காலத்தின் முரண், அதை விட்டுவிடுவோம். வீட்டை விற்பவன் ஊரைப் பார்த்து மூன்று வாரம் நிற்கவேண்டும் என்ற எண்ணம் நம்மவருடையது. 1947இல் இம்முன்வாங்கும் உரிமைக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இவ்வழக்கத்தைக் குறையற்றதாகச் சொல்லவில்லை. பகை கொண்ட பங்காளி இதைக்கொண்டு ஏழையின் அவசர விற்பனையை முடக்கலாம், முடக்கியும் இருப்பர். சாதியும் இதன் நிழலில் தங்கிற்று. அயலான் யார் என்று தீர்மானிக்கும் உரிமை எப்போதும் நல்லவர் கையில் இருந்ததில்லை. ஆனாலும் விற்பனை இருவர்க்கு இடையிலான செய்தி மட்டுமன்று என்று அது ஏட்டில் சொல்லிற்று. காலியில் வீடு விற்றவனை அப்படி எந்த ஞாயிறும் நிறுத்தவில்லை.

காரைக்காலுக்குத் திரும்புவோம். இலங்கையில் வீட்டு உறுதி எழுதுபவர் நொத்தாரிசு. அது ஒல்லாந்தர் சொல். நம் ஊரில் பாட்டனார் காலத்தில் கிரயம் எழுதியவர் நொத்தேர், அது பிரெஞ்சு. இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறி, 1962இல் சட்டப்படியும் மாறி, பின்னர் இந்தியச் சட்டங்கள் இங்கே விரிந்தபின் பத்திரப் பதிவு அலுவலகம் வந்தது. நொத்தேர் எழுதிய தாள்கள் மட்டும் பல வீட்டு மரப்பெட்டிகளில், படிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. முற்றமும் திண்ணையும் உள்ள அவ்வீடுகளின் பங்காளிகளில் ஒருவர் பாரிசில், ஒருவர் ரெயூனியனில், ஒருவர் சென்னையில். யார் யாரைக் கேட்பது? அதிகாரப் பத்திரம் அனுப்பி, அடுக்கு மாடிக்கோ கடை வரிசைக்கோ மனையாக விற்றுத் தொகையைப் பிரித்துக்கொள்வது எளிது. காலியில் சுவர் நின்று ஆள் போனார். இங்கே ஆளும் போய்ச் சுவரும் போகிறது. புதுச்சேரியின் வெள்ளையர் நகரில் வீடுகள் விடுதிகளானதை நாம் பார்த்திருக்கிறோம்; நமக்கு அந்த வாய்ப்பும் வருமோ, வாராதோ.

ஒல்லாந்தர் இலங்கையில் நில உடைமையைக் குடும்பம் குடும்பமாகப் பதிந்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். வரி வாங்க எழுதியதுதான். ஆயினும் இன்று அதைப் புரட்டுபவன் எந்தத் தோட்டத்தில் எத்தனை தென்னை நின்றது என்றும் அறிகிறான். பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். யார் கட்டியது, யாரிடம் யார் வாங்கினார், எந்த ஆண்டு, என்ன விலைக்கு, முற்றத்தில் எந்தக் கல்யாணம் நடந்தது, எந்தப் பிணம் கிடந்தது என்று கேட்டு எழுதட்டும். பிரெஞ்சுப் பத்திரம் படிக்கத் தெரிந்த முதியவர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதானே கூடுகிறது. கவிதை வாசிப்பதற்குமுன் ஒரு வீட்டைப் பற்றி வாசிக்கலாம். முதற்கூட்டத்துக்கு மாதாகோயில் வீதி வீடு ஒன்றின் தாள்களை நான் கொண்டுவருகிறேன்.