கொஜிக்கியை வாசித்தல்: எழுத்தும் ஒலியும்

தமக்கென எழுத்தில்லாதிருந்த யப்பானியர் சீன எழுத்துக்களை ஏற்றுக்கொண்டனர். ஆயின் இவ்விரு மொழிகளும் அமைப்பால் வேறுபட்டவை. சீனத்தில் வினையை அடுத்துச் செயப்படுபொருள் வரும். யப்பானியத்திலோ, தமிழிற் போல, வினை இறுதியில் நிற்கும். எனவே அவர்கள் சீன நூல்களைச் சொல்வரிசை மாற்றி, இடைச்சொற்களும் வினையீறுகளும் சேர்த்துத் தம்மொழியிலேயே வாசிக்கலாயினர். 'குந்தொக்கு' எனப்படும் இம்முறைக்குத் துணையாக வரிகளின் ஓரத்திற் சிறு குறிகள் இடப்பட்டன.

சீன எழுத்தால் யப்பானிய மொழியையே எழுத முற்பட்டபோது சிக்கல் மேலும் பெருகியது. 712இல் கொஜிக்கியைத் தொகுத்தளித்த ஓ நோ யசுமாரோ இதனைத் தம் முன்னுரையிலேயே குறிப்பிடுகின்றார். எழுத்துக்களைப் பொருளுக்காக மட்டும் கையாண்டால் கருத்து முழுமையாக அமையாது. ஒலிக்காக மட்டும் கையாண்டால் நூல் மிக நீளும். ஆதலால் அவர் இரண்டையும் கலந்தார். பாடல்கள் ஒலிவழி எழுதப்பட்டன. உரைநடை பெரிதும் பொருள்வழி அமைந்தது. காலப்போக்கில் இத்தகைய எழுத்தை வாசித்தல் அரிதாயிற்று. 4,500இற்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட மன்யோஷூவை வாசித்து விளக்க 951இல் அரசவை ஐந்து அறிஞரை நியமிக்க வேண்டியதாயிற்று.

மற்சுசக்கா நகர மருத்துவரான மோதூரி நொரினகா, 1764 முதல் 1798 வரை உழைத்துக் கொஜிக்கிக்கு 44 பகுதிகளில் உரை கண்டார். ஒலிவழி எழுதப்பட்ட பழம்பாடல்களையும் வழிபாட்டுரைகளையும் சான்றாகக் கொண்டு உரைநடையின் சொற்களை அவர் உய்த்துணர்ந்தார். 'கொ' என்னும் ஒலிக்குப் பல எழுத்துக்கள் இருப்பினும், 'குழந்தை' எனப் பொருள்படும் 'கொ'வுக்கு ஓரெழுத்தே வருவதை அவர் கண்டார். அவர் மாணவர் இஷிசுக்கா தற்சுமாரோ இதனை விரித்தாராயினும், 1917இல் ஹஷிமொதோ ஷின்கிச்சி மீண்டும் ஆராய்ந்தபோதே அதன் முழுப் பயன் புலப்பட்டது. பிற்காலத்தில் ஒன்றாகிவிட்ட ஒலிகள் 8ஆம் நூற்றாண்டில் வேறுபட்டிருந்தன என்பதற்கு அவ்வெழுத்து வழக்கே சான்றாயிற்று.

எனினும், நொரினகாவின் வாசிப்பு முழுவதும் யசுமாரோவின் வாசிப்பெனக் கொள்ளல் பொருந்தாது. நூலின் முதல் ஆறு எழுத்துக்கள் வானும் மண்ணும் தோன்றிய காலத்தைக் குறிக்கின்றன. 'அமெற்சுச்சி நொ ஹஜிமெ நொ தொக்கி' என நொரினகா அவற்றை வாசித்தார். பின்வந்தோர் சிலர் அங்கே தனியொரு வினைச்சொல்லைக் கண்டனர். பொருள் ஏறக்குறைய ஒன்றே, ஒலி வேறு. சீனச் சிந்தனையின் சாயல் படியாத தூய பழமொழி இவ்வெழுத்துக்களின் அடியில் உண்டென்பது நொரினகாவின் துணிபு. அத்துணிபு அவர் வாசிப்பையும் வழிநடத்தியது. எனவே, ஒலிவழி எழுதப்பட்ட பாடல்கள் தரும் சான்றையும், பொருள்வழி எழுதப்பட்ட உரைநடைக்கு உரைகாரர் தரும் ஒலியையும் வேறு பிரித்தறிதல் ஆய்வாளரின் முதற்கடமையாகும்.