எம்சிபி-841: அடையாறு எழுதிய ஒரு கணக்கு

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் நம் எல்லோருக்கும் தெரியும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை. அது பங்கெடுத்த ஒரு மருந்து முறையின் கதைதான் இது. பெயர் எம்சிபி-841.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 1948-ல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப்புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு நோய் தணிந்தது. அந்த மருந்தைத் தயாரித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! ஆனால் சில மாதங்களிலேயே நோய் திரும்பி வந்துவிட்டது.

காரணம் எளிது. ஒரே மருந்து கொடுத்தால் அதற்குத் தப்பிய செல்கள் மறுபடி பெருகிவிடும். காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நான்கு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் தணிந்த காலம் நீண்டது.

இந்தியாவில் அப்போதும் பிழைத்த குழந்தைகள் மிகக் குறைவு. 1984-ல் அதே அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் இயன் மக்ராத்தின் துணையோடு எம்சிபி-841 வகுக்கப்பட்டது. வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன், டானோரூபிசின், அஸ்பராஜினேஸ் எல்லாம் அதில் உண்டு. முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுத்தார்கள். அதுவும் சுப்பாராவ் குழுவின் மருந்துதான்!

அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றிலும் இதே முறையைக் கையாண்டார்கள். 1990 முதல் 1997 வரை மட்டும் 1,048 நோயாளிகள். 2005-ல் வெளிவந்த முடிவுகளின்படி, சுமார் பாதிப் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

மீதிப் பேர்? நோய் திரும்பி இறந்தவர்கள் உண்டு. மருந்தின் கடுமையாலும் தொற்றாலும் இறந்தவர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். வலிமையான மருந்து மட்டும் போதாது, தொற்றைத் தடுக்கும் கவனிப்பும் வேண்டும் என்பது அந்த எண்களால்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு டாக்டரும் தனக்குத் தோன்றியபடி வைத்தியம் பார்த்திருந்தால் சில குழந்தைகள் பிழைத்திருக்கலாம். ஆனால் எது பிழைக்க வைத்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. காமர்ஸ் மாணவனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. லாபத்தை மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை, நண்பர்களே!